முகமூடிக்குக் கீழே தெரியும் தாடை: நோ நாடகமும் ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களும்

ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓனோ நோ கொமாச்சி என்ற கவிஞர் அழகுக்கும் கல்நெஞ்சுக்கும் ஜப்பானில் பேர்போனவர். அவருடைய முதுமையைப் பற்றிக் கற்பனையாக எழுதப்பட்ட ‘சொத்தோபா கொமாச்சி’ என்ற நாடகம், முகமூடி அணிந்து பாட்டும் ஆட்டமுமாக நடிக்கும் ‘நோ’ என்ற பழைய ஜப்பானிய நாடக வகையைச் சேர்ந்தது; பதினான்காம் நூற்றாண்டின் நாடகக் கலைஞரான கன்அமியின் படைப்பு. கந்தலுடுத்திப் பிச்சையெடுத்துத் திரியும் கிழவி ஒருத்தி, இறந்தவர் நினைவாக நடப்பட்டுச் சாய்ந்து கிடக்கும் புனிதக் கட்டை ஒன்றின்மேல் களைப்பாறிக்கொண்டிருக்கிறாள். கோயா மலையிலிருந்து வரும் துறவிகள் இது தகாது என்று கண்டிக்கிறார்கள். அவளோ வாதத்தில் அவர்களையே மடக்கிவிடுகிறாள். மரக்கட்டை அச்சோவியரான த்சுகியோகா யோஷிதோஷி 1886-இல், நிலவை மையமாக வைத்து வெளியிட்ட நூறு ஓவியங்கள் கொண்ட தொகுப்புக்காக இந்தக் காட்சியை வரைந்தார். அதில் உண்மையான கிழவி ஒருத்தி, உண்மையான மரக்கட்டைமேல், வெளிறிய பிறைக்குக் கீழே அமர்ந்திருக்கிறாள். கிழிந்த உடையும் சிதைந்த கூடைத் தொப்பியும் இருந்தும், முகத்தில் மட்டும் பழைய பெருமிதத்தின் சாயல் மிச்சமிருக்கிறது.

நோ மேடையில் இதே காட்சியைப் பார்ப்பவருக்குக் கட்டையும் தெரியாது, நிலவும் தெரியாது. கருப்பு அரக்குப் பூசிய உருளை வடிவப் பெட்டி ஒன்றை உதவியாளர் கொண்டுவந்து வைப்பார். நடிகர் அதன்மேல் அமர்ந்த கணத்திலிருந்து அதுதான் புனிதக் கட்டை. கிழவியாக வருபவர் ஆண். அணிந்திருப்பது மரத்தில் செதுக்கிய கிழவி முகமூடி. அந்த முகமூடி முகத்தைவிடச் சிறியது என்பதால், நன்கு சவரம் செய்த ஆண் தாடை அதற்குக் கீழே வெளிப்படையாகத் தெரியும். யோஷிதோஷியின் மாணவரும் வளர்ப்பு மகனுமான த்சுகியோகா கோக்யோ வரைந்த நோ அச்சோவியங்களில் அந்தத் தாடை தெரிகிறது. முகமூடியின் விளிம்பும் அதைக் கட்டும் கயிறும்கூடத் தெரிகின்றன. ஆசிரியர் கதையை வரைந்தார், மாணவர் மேடையை வரைந்தார் என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இந்த வேறுபாடு ஒரு தலைமுறைக்குள் நிகழ்வதற்கு ஜப்பானில் ஓர் ஆட்சியே கவிழ வேண்டியிருந்தது.

எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை நீடித்த தொகுகாவா குடும்பத்து ஷோகுன்களின், அதாவது படைத்தலைவர்களின் ஆட்சியில், நோ அரசு விழாக்களுக்குரிய சடங்குக் கலையாக இருந்தது. ஷோகுனும் பிரபுக்களும் நடிகர் குடும்பங்களுக்கு மானியம் கொடுத்துப் பராமரித்தார்கள். அவர்களில் பலர் தாமும் கற்று ஆடினார்கள். நகரத்துச் சாமானியர் முழு நோ நிகழ்ச்சி ஒன்றைக் காண்பது அரிதாகவே வாய்த்தது. நிதி திரட்டுவதற்கென்று அனுமதி பெற்று நடத்தப்பட்ட பொது நிகழ்ச்சிகள் எப்போதாவது உண்டு. மற்றபடி ஷோகுன் பதவியேற்பு போன்ற பெருவிழாக்களின்போது கோட்டைக்குள் அழைக்கப்பட்டால்தான் உண்டு. அப்படி அழைக்கப்பட்ட நகரத்தார் திறந்தவெளியில் அமர்ந்தார்கள்; மழைக்கென்று அவர்களுக்குக் குடைகள் கொடுக்கப்பட்டன. யோஷு சிக்கனோபு என்ற அச்சோவியர் இந்தக் காட்சியை மூன்று தாள் ஓவியமாக வரைந்திருக்கிறார். குடைகளோடு நெருக்கியடிக்கும் கூட்டத்தை அவ்வளவு உற்சாகமாக வரைந்த அந்த ஓவியம் வெளிவந்தது 1889-இல். ஷோகுன் ஆட்சி முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்னர்தான், அந்தக் கோட்டைக்குள் நடந்ததை இப்படிக் கடையில் தொங்கவிட்டு விற்க முடிந்தது.

மரக்கட்டை அச்சோவியம் இதற்கு நேரெதிரான உலகத்தில் வளர்ந்த சரக்கு. உக்கியோ-எ என்று அழைக்கப்படும் இந்த மரபு, நகரத்துச் சாமானியர் கூடிய கபுக்கி நாடக அரங்குகளையும் யோஷிவாரா கேளிக்கைப் பகுதியையும் நம்பிப் பிழைத்தது. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கியது பெரும்பாலும் முகத்தை, அதிலும் பெயர் தெரிந்த முகத்தை. 1794-95-இல் ஓராண்டுகூட நிறையாத காலத்துக்குள் தன் வேலை முழுவதையும் முடித்துக்கொண்டு மறைந்துபோன ஷாராக்குவின் கபுக்கி நடிகர் உருவங்களைப் பாருங்கள்: மூக்கு, தாடை, நெறித்த புருவம் என்று இன்னார்தான் இவர் என்று அடித்துச் சொல்லும் முகங்கள். முகத்தையே மரத்தால் மூடிவிட்ட நோ கலையில் அச்சுக்கடைக்காரருக்கு விற்க என்ன இருக்கிறது?

ஆகவே எடோ கால ஓவியர்கள் நோவைச் சுற்றி வளைத்துத்தான் தொட்டார்கள். பழைய கதை ஒன்றைச் சமகாலத்து இளம்பெண்ணின்மேல் ஏற்றி வரைவது அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. ‘ஹச்சி நோ கி’ நாடகத்தில், வறுமைப்பட்ட சாமுராய் ஒருவர் பனிக்காலத்து இரவில் வந்த வழிப்போக்கத் துறவி குளிர்காய்வதற்காகத் தாம் போற்றி வளர்த்த தொட்டி மரங்களை வெட்டி எரிக்கிறார். வந்தவர் மாறுவேடத்தில் இருந்த முன்னாள் ஆட்சியாளர் என்பது பின்னர் தெரியவருகிறது. 1760-களில் சுசுகி ஹாருநோபு இதை வரைந்தபோது, பனியில் நின்று தொட்டிப் பிளம் மரத்தின் கிளையை வெட்டுபவள் மெல்லிய உடல்வாகுள்ள ஓர் அழகி. வாங்கியவருக்கு நாடகப் பாட்டு மனப்பாடமாக இருந்திருந்தால் சிரித்திருப்பார். இல்லாவிட்டாலும் அழகான படம் ஒன்று கைக்கு வந்தது. மேடையோ முகமூடியோ அதில் இல்லை. கபுக்கி வழியாக இன்னொரு பாதையும் இருந்தது. ‘அத்தாக்கா’ என்ற நோ நாடகத்தைத் தழுவி ஏழாம் இச்சிகாவா தஞ்சூரோ 1840-இல் ‘கன்ஜின்சோ’வை அரங்கேற்றினார். அந்த வகைக் கபுக்கி நாடகங்களைச் சித்திரித்த அச்சோவியங்களில் நோ மேடையின் பைன் மரம் பின்னணியில் நிற்கும். ஆனால் முன்னால் நிற்பது சாயம் பூசிய கபுக்கி நட்சத்திரம்.

1868-இல் ஆட்சி ஷோகுனிடமிருந்து பேரரசர் பெயருக்குத் திரும்பிய மெய்ஜி மாற்றம் வந்தபோது புரவலர் வர்க்கமே இல்லாமல் போனது. மானியம் நின்ற நடிகர்கள் வேறு தொழில் தேடினார்கள்; தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த முகமூடிகளும் பட்டு உடைகளும் கிடைத்த விலைக்கு விற்கப்பட்டன. நோ நடிகர் மரபுகளுள் ஒன்றான ஹோஷோ பள்ளியின் தலைவர் ஹோஷோ குரோவே சிலகாலம் மேடையை விட்டு விலகியிருந்தார். டோக்கியோவில் விடாமல் ஆடிக்கொண்டிருந்தவர் உமேவாகா மினோரு. பிரபு குடும்பம் ஒன்றின் மேடையை 1871-இல் விலைக்கு வாங்கித் தம் இடத்தில் மீண்டும் கட்டிக்கொண்ட அவர், கட்டணம் கொடுத்து வருபவர்களுக்காகவும் ஆடினார். கலையை அரசின் கண்ணில் மறுபடி கொண்டுவந்து நிறுத்தியவர் மெய்ஜி அரசின் தலைவர்களுள் ஒருவரான இவாகுரா தொமோமி. 1871 முதல் 1873 வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தூதுக்குழுவை வழிநடத்தியபோது, அங்கே விருந்தினரை ஆப்பெராவுக்கு அழைத்துச்செல்வதைக் கண்ட அவர், ஜப்பானுக்கும் அப்படி ஒன்று தேவை என்று முடிவுசெய்தார். 1876-இல் பேரரசர் தம் இல்லத்துக்கு வந்தபோது நோ நிகழ்ச்சி நடத்தினார். 1879-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் கிராண்ட் வந்தபோதும் அதுவே விருந்தோம்பலின் பகுதியாயிற்று. 1881-இல் டோக்கியோவின் ஷிபா பூங்காவில் பொதுமக்களுக்கான நோ மேடை திறக்கப்பட்டது. அதுவரை ‘சருகாக்கு’ என்று வழங்கிவந்த கலைக்கு ‘நோகாக்கு’ என்ற பெயர் நிலைபெற்றதும் அந்தக் காலத்தில்தான். பழைய பெயரில் குரங்கைக் குறிக்கும் எழுத்து இருந்தது. தேசியக் கலை ஆகப்போகும் ஒன்றுக்கு அது கௌரவமாகப் படவில்லை.

ஆக, கோக்யோ தூரிகை பிடிக்கும் வயதுக்கு வந்தபோது நோ என்பது காசு கொடுத்தால் எவரும் பார்க்கக்கூடிய கலையாகியிருந்தது. அவர் 1869-இல் ஹன்யூ குடும்பத்தில் பிறந்தவர்; அவருடைய தாய் 1884-இல் யோஷிதோஷியை மணந்தார். ஏற்கெனவே ஓவியப் பழக்கம் இருந்த பையனுக்கு வீட்டிலேயே ஆசிரியர் கிடைத்தார். உமேவாகா மினோருவிடம் நோ பாட்டுப் பயின்றவர் யோஷிதோஷி; அந்த ஆர்வம் நூறு நிலவுத் தொகுப்பின் பல தாள்களில் பதிந்திருக்கிறது. 1892-இல் அவர் இறந்த பிறகு கோக்யோ தம் பயிற்சியை ஒகாதா கெக்கோவிடம் தொடர்ந்தார். கெக்கோவுக்குப் பழைய உக்கியோ-எ கோட்டின் இறுக்கம் கிடையாது. ஈரத் தூரிகை தாளில் ஓடிய தடத்தை அப்படியே அச்சில் கொண்டுவரப் பார்த்தவர் அவர். கதையைத் தேர்ந்தெடுக்கும் கண் ஒருவரிடமிருந்தும் கை மற்றவரிடமிருந்தும் கோக்யோவுக்கு வந்தன என்று சொன்னால் மிகையில்லை.

அவருடைய முதல் பெரும் தொகுப்பான ‘நோகாக்கு சுஎ’ 1897 முதல் 1902 வரை வெளிவந்தது. மொத்தம் 261 தாள்கள். பெரும்பாலும் அகலவாக்கில் அமைந்தவை. வெளியிட்டவர் ரியோகோக்குப் பகுதியில் தலைமுறைகளாக அச்சுக்கடை வைத்திருந்த மத்சுகி ஹெய்கிச்சி குடும்பத்தார். கோபயாஷி கியோச்சிக்காவின் டோக்கியோ நகரக் காட்சிகளை 1876 முதல் வெளியிட்ட அதே நிறுவனம். அந்த ஆண்டுகளின் வணிக நிலையை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இந்த முயற்சியின் துணிச்சல் புரியும். புகைப்படமும் கல்லச்சும் மரக்கட்டை அச்சின் சந்தையைத் தின்றுகொண்டிருந்தன. 1894-95 சீன-ஜப்பான் போர்ச் செய்திப் படங்கள்தான் அதன் கடைசிப் பெரிய விற்பனை அலை. செய்திக்கும் நடிகர் முகத்துக்கும் புகைப்படமே போதும் என்று ஆகிவிட்ட காலத்தில், மரக்கட்டையால் மட்டுமே செய்யக்கூடியது எது என்று பதிப்பாளர் தேடியிருக்க வேண்டும். நோ உடைகள் அதற்கு ஏற்ற பொருளாக அமைந்தன என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில் வேலை எப்படி நடந்தது என்று சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஓவியர் கொடுப்பது வரைபடம் மட்டுமே. அதைக் காட்டுச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் இன்னொருவர், முதல் போட்டு மூவரையும் இணைப்பவர் பதிப்பாளர். கோட்டுக்கு ஒரு பலகை, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை. எல்லாம் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதற்காகப் பலகையின் மூலையிலும் பக்கத்திலும் ‘கென்தோ’ என்ற அடையாள வெட்டுகள் இருக்கும். ஈரப்படுத்திய தாளை அந்த வெட்டுகளில் பொருத்தி வைத்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகுப்புறத்தில் தேய்ப்பார்கள். அச்சு இயந்திரம் எதுவும் இல்லை. அழுத்தம் முழுவதும் கையின் கணக்கு. ஒரே நிறம் அடர்த்தியிலிருந்து மங்கலாகக் கரைய வேண்டுமானால், பலகையின் ஒரு பகுதியை ஈரத்துணியால் துடைத்து, மை அங்கே தானாகப் பரவும்படி விடுவார்கள். மையே தடவாத பலகையில் தாளை அழுத்தினால் நெசவின் மேடுபள்ளம் மட்டும் தாளில் எழும்பி நிற்கும்.

கோக்யோவின் தாள்களில் இந்த உத்திகள் எல்லாம் போய்ச் சேருமிடம் உடை. ‘கரா-ஒரி’ என்ற நோ மேலங்கி, பூவேலை ஊடை இழைகள் மேலே மிதந்து நிற்கும்படி நெய்த கனத்த பட்டு. பார்வைக்குத் தையல் வேலை போலவே இருக்கும். அந்த மிதப்பை மையில்லா அழுத்தத்தாலும், சரிகையின் மினுக்கத்தை உலோகப் பொடி கலந்த மையாலும் அச்சிடுபவர் எடுத்துக்காட்டினார். தாளை நேராக வைத்துப் பார்த்தால் பழுப்பாக மங்கிக் கிடக்கும் ஒரு பகுதி, சற்றுச் சாய்த்து வெளிச்சம் படும்படி பிடித்ததும் சரிகையாகப் பளிச்சிடும். கணினித் திரையிலும் புத்தகப் பிரதியிலும் இந்த ஓவியங்கள் ஏன் பாதி உயிரோடு தெரிகின்றன என்பதற்கு இதுவே காரணம்.

உடையின் நிறம் வெறும் அலங்காரமும் அன்று. நோ மரபில் பெண் வேட உடைகளை ‘நிறம் உள்ளவை’, ‘நிறம் இல்லாதவை’ என்று இரண்டாகப் பிரிப்பார்கள். இங்கே நிறம் என்றால் சிவப்பு. சிவப்பு கலந்திருந்தால் இளம்பெண். சிவப்பே இல்லாமல் பழுப்பும் நீலமும் பச்சையும் மட்டும் இருந்தால் நடுவயதுக்காரி அல்லது கிழவி. எனவே கோக்யோவின் ஒரு தாளில் அச்சிடுபவர் சிவப்புப் பலகையைத் தொடாமல் விட்டிருந்தால், வயது சொல்லப்பட்டுவிட்டது என்று பொருள். உள்ளுடையில் முக்கோணங்கள் அடுக்கடுக்காக மின்னினால் அது பாம்புச் செதில். அந்தப் பெண்ணுக்குள் பொறாமை பாம்பாகச் சுருண்டிருக்கிறது என்று பார்வையாளர் புரிந்துகொள்வார். இந்த இலக்கணம் தெரியாமல் பார்ப்பவருக்கு இவை அழகான உடைப் படங்களாக நின்றுவிடும்.

அசைவை வரைவதுதான் கடினமான பகுதி. கபுக்கியில் உச்சக் கணத்தில் நடிகர் உறைந்து கண்ணை உருட்டி நிற்பார். அச்சோவியர் அந்த நிலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நோவில் அப்படி ஊட்டித் தரப்படும் கணம் இல்லை. சைப்ரஸ் வகை மரத்தில் செதுக்கிய, சுமார் 21 செ.மீ. உயரமுள்ள இளம்பெண் முகமூடிக்கு நிலையான உணர்ச்சி எதுவும் கிடையாது. அதைச் சற்றே கீழே தாழ்த்துவதை ‘மேகம் கவியச் செய்தல்’ என்றும், சற்றே நிமிர்த்துவதை ‘ஒளிரச் செய்தல்’ என்றும் நடிகர்கள் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள சாய்வில் துயரமும் மகிழ்ச்சியும் மாறிமாறித் தெரியும். அழுகை என்பது விரல்கள் சேர்ந்த கையைக் கண்ணுக்கு எதிரே, தொடாமல், மெல்ல உயர்த்துவது. ‘சுமிதாகாவா’ நாடகத்தில் கடத்தப்பட்ட மகனைத் தேடி வரும் தாய், ஆற்றைக் கடந்த பிறகு அவனுடைய கல்லறையைத்தான் காண்கிறாள். அந்தப் பெருந்துயரத்துக்கு மேடையில் கிடைப்பது இந்த ஒரு கை உயர்வே. கோக்யோ இத்தகைய சாய்வுகளைக் கோணம் பிசகாமல் பிடிக்கிறார். தலையும் தோளும் கைவிசிறியும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் திரும்பியிருக்கின்றன என்பதில்தான் அவருடைய படங்களின் உணர்ச்சி அடங்கியிருக்கிறது.

அதே அளவுக்கு, அவர் எதை வரையாமல் விட்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. நோ மேடை ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சதுரம். நான்கு தூண்கள், கூரை, பின்சுவரில் பைன் மரம், இடப்பக்கம் நீளும் பாலம். பின்னால் புல்லாங்குழலும் மத்தளங்களும் வாசிப்பவர்கள், வலப்பக்கம் வழக்கமாக எட்டுப் பேர் கொண்ட பாடகர் குழு, ஓரத்தில் மேடை உதவியாளர் என்று பத்துப் பேருக்கு மேல் அங்கே இருப்பார்கள். கோக்யோவின் பெரும்பாலான தாள்களில் இவர்கள் யாரும் இல்லை. தூணும் சுவரும்கூட இல்லை. நடிகர் தனியாக, மெல்லிய நிறம் கரையும் வெறுமையில் நிற்கிறார். ‘நோகாக்கு சுஎ’யின் சில தாள்களில் மூலையில் சிறு சட்டம் போட்டு, நாடகத்தோடு தொடர்புள்ள நிலக்காட்சியையோ பொருளையோ வரைந்திருப்பார். வேறு சில தாள்களில் இதற்கு நேர்மாறாக, திரைக்குப் பின்னுள்ள ஆயத்த அறைப் பக்கமும் பார்வையாளர் பக்கமும் பார்வையைத் திருப்புவார். ஆனால் நடுவிலிருக்கும் உருவம் எப்போதும் நடிகராகவே இருக்கும். வெறுமை பின்னணியில் இருந்தாலும் அவர் நாடகத்தின் பாத்திரமாக முழுமையாக மாறிவிடுவதில்லை. தாடை அதற்கு இடம் கொடுப்பதில்லை. யோஷிதோஷி நிலவை வரைந்து மேடையை அழித்தார் என்றால், கோக்யோ மேடையை அழித்தும் நிலவை வரைய மறுத்தார்.

மேடைப் பொருள்களை அவர் நடத்தும் விதத்திலும் இதே பிடிவாதம் உண்டு. ‘ஃபுனா பென்கெய்’ நாடகத்தில் புயலில் சிக்கும் படகு, மூங்கிலில் கட்டி வெள்ளைத் துணி சுற்றிய வெறும் சட்டம். படகோட்டியாக வருபவரே அதைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வருவார். ‘அஓய் நோ உஎ’ இன்னும் துணிச்சலானது. ஆவி பிடித்துச் சாகக் கிடக்கும் சீமாட்டி அஓயின் பெயரே நாடகத்தின் பெயர். ஆனால் அவளாக நடிப்பவர் யாரும் இல்லை. மேடையின் முன்விளிம்பில் மடித்து விரித்த ஒரு மேலங்கிதான் அவள். அவளைத் தாக்க வரும் பொறாமைப் பேய் ஒரு துணியைக் குனிந்து அடிக்கிறது. கதையை வரையும் ஓவியர் இந்த இடத்தில் படுக்கையும் நோயாளியும் வரைந்தாக வேண்டும். மேடையை வரைபவர் துணியைத் துணியாகவே விட்டுவிடலாம். பார்வையாளரின் மனம் செய்யும் வேலையைத் தாளைப் பார்ப்பவரின் மனமும் செய்துகொள்ளும் என்று அவர் நம்பினால் போதும்.

‘தோஜோஜி’யை இங்கே தவிர்க்க முடியாது, கோக்யோவும் திரும்பத் திரும்ப அதனிடம் வந்திருக்கிறார். தன்னை ஏமாற்றிய துறவி ஒளிந்திருந்த கோயில் மணியைப் பாம்பாகச் சுற்றிச் சூட்டிலேயே எரித்துக் கொன்ற பெண்ணின் ஆவி, புது மணி ஏற்றும் விழாவுக்கு நடனக்காரியாக வேடமிட்டு வருகிறது. மிக நீண்ட நேரம், ஒற்றை மத்தளத்தின் தாக்குதலுக்கும் கூச்சலுக்கும் மட்டும் காலை நகர்த்தி நகர்த்தி ஆடிவிட்டு, சட்டென்று மணியின் அடியில் பாய்கிறது. அதே நொடியில் கனத்த மணி கீழே விழுகிறது. கணம் தவறினால் நடிகருக்கு உயிராபத்து. பிறகு இருட்டான அந்த மணிக்குள் அவர் தனியாகவே உடையும் முகமூடியும் மாற்றிக்கொண்டு, மணி மேலே எழும்பும்போது கொம்பு முளைத்த பேயாக வெளிப்படுகிறார். நோ நாடகத்தில் கபுக்கி போன்ற பரபரப்புக்கு மிக அருகில் வரும் காட்சி இதுவே என்பதால், அச்சோவியத்துக்கும் இது கைகொடுத்தது. கபுக்கிக்காரர்கள் இதே கதையிலிருந்து 1753-இல் உருவாக்கிய ‘மூசுமே தோஜோஜி’ நடனத்தின் படங்கள் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தன. அவற்றின் அருகில் கோக்யோவின் தாளை வைத்தால், ஒன்றில் புன்னகைக்கும் நடிகர், மற்றதில் செதில் முக்கோணம்.

தமிழ் வாசகருக்கு எதிர்பாராத அறிமுகம் ஒன்றும் நோ நாடகங்களுக்குள் உண்டு. ‘இக்காக்கு சென்னின்’, அதாவது ஒற்றைக் கொம்பு முனிவர் என்ற நாடகம் காசிப் பகுதியில் நடக்கிறது. மழைக்குக் காரணமான நாகங்களைக் குகைக்குள் அடைத்துவைத்துவிட்ட முனிவரிடம் அரசன் ஓர் அழகியை அனுப்ப, அவர் மதுவில் மயங்கித் தவவலிமை இழக்கிறார். பாறை பிளந்து நாகங்கள் வெளியேறுகின்றன, மழை பொழிகிறது. கம்பன் கலைக்கோட்டு முனிவன் என்று அழைக்கும் ரிஷ்யசிருங்கரின் கதை, பௌத்த நூல்கள் வழியாகச் சீனம் கடந்து ஜப்பான் சேர்ந்து கொண்ட வடிவம் இது. நம் கதையில் மழை கொண்டுவருபவரே முனிவர். அங்கே மழையைச் சிறைவைத்தவரே அவர். ஆட்டத்தில் நாகங்களாக வரும் சிறுவர்கள் ஒளிந்திருக்கும் பாறை, இரண்டாகப் பிளக்கும்படி செய்த துணிச்சட்டம்.

இந்தத் தாள்களை வாங்கியவர்கள் யார்? வெளிநாட்டு விருந்தினரும் சேகரிப்பாளரும் இருந்தார்கள். உமேவாகா மினோருவிடம் நோ பயின்ற அமெரிக்கர் ஃபெனல்லோசாவைப் போன்றவர்களால் இந்தக் கலைக்கு வெளியே பெயர் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனால் 261 தாள்கள் கொண்ட தொகுப்பு ஒன்று ஐந்தாண்டுகள் தொடர்ந்து வெளிவருவதற்கும், அதன்பின் மேலும் பெரிய தொகுப்புகள் வருவதற்கும், உள்ளூரில் நிலையான வாசகர் வட்டம் இருந்தாக வேண்டும். அந்த வட்டம் ‘உத்தாய்’ எனப்படும் நோ பாட்டைப் பயின்ற அமெச்சூர்களுடையது என்று கொள்வதே பொருத்தம். அதிகாரிகளும் வணிகர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஆசிரியரிடம் பாட்டு கற்று, பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி பார்ப்பது மெய்ஜி காலத்தில் பரவிய பழக்கம். அவர்களுக்கு ஒரு தாளைப் பார்த்ததும் அந்த இடத்தின் பாட்டு வரி வாயில் வரும். நோ தாள்களில் பெரும்பாலும் நாடகத்தின் பெயர் இருக்கும், நடிகரின் பெயர் இருக்காது. கபுக்கி அச்சோவியத்தில் நடிகர்தான் சரக்கு. இங்கே நாடகமே சரக்கு.

இதனால் ஒரு சிக்கலும் எழுகிறது. இந்தத் தாள்களைப் புகைப்படம் போலக் கருதி, 1900-இல் இந்த நாடகம் இப்படித்தான் ஆடப்பட்டது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. தலைமை நடிகர்களுக்கு மட்டும் ஐந்து பள்ளிகள் இருக்கின்றன: கன்சே, ஹோஷோ, கொம்பாரு, கொங்கோ, கித்தா. முகமூடித் தேர்வும் உடையும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரே பள்ளியிலும் சிறப்பு அமைப்பு என்று குறிப்பிட்டு ஆடும்போது மாறும். எந்த நடிகர், எந்த நிகழ்ச்சி என்று சொல்லாத தாள் ஒன்று, பல நிகழ்ச்சிகளின் நினைவைக் கலந்து வரைந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். உடை வகைகளையும் கைப்பொருள்களையும் அறிய இவை மிக நல்ல சான்று. ஒரு குறிப்பிட்ட மாலைக்கான சான்றாக இவற்றை நிறுத்துவது ஓவியருக்கும் நியாயம் செய்வதாகாது.

பிற்காலத் தொகுப்புகளைப் பற்றி நான் அவ்வளவு ஒரே மனதாக இல்லை. 1922 முதல் 1926 வரை அதே மத்சுகி நிறுவனம் வெளியிட்ட ‘நோகாக்கு ஹியாக்குபன்’ 120 தாள்கள் கொண்டது; இடையில் 1923 செப்டம்பர் 1-இல் டோக்கியோவை அழித்த நிலநடுக்கமும் தீயும் வந்துபோயின. தாள் இப்போது நெட்டைவாக்கில் நிமிர்ந்துவிட்டது. உடையின் முழுநீளமும் அதில் கம்பீரமாக வருகிறது, அச்சுத் திறன் உச்சத்தில் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அகலத் தாளில் நடிகருக்குப் பக்கத்தில் கிடந்த வெறுமை சுருங்கிவிட்டது. நோவில் நடிகர் எதை நோக்கி நகரப்போகிறார் என்பது அந்தக் காலியிடத்தில்தான் இருந்தது. 1925-இல் தொடங்கிய ‘நோகா தைகான்’ மறுபடி அகலத்துக்குத் திரும்பியது. 200 தாள்கள் கொண்ட அந்தத் தொகுப்பு 1930-இல் முடிந்தபோது கோக்யோ உயிரோடு இல்லை. 1927-இல் அவர் காலமானார். நோ அச்சோவியம் என்ற தனித்துறையை அவருடைய மாணவர் மத்சுனோ சோஃபூவும், பின்னர் சோஃபூவின் மகன் ஹிதேயோவும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை எடுத்துச் சென்றார்கள்.

கோக்யோ இறந்த அந்த ஆண்டின் வேலை அவர் மகள் கியோக்குசெய்யோடு சேர்ந்தது. 1908-இல் பிறந்த அவளுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. தொகுப்பின் பெயர் ‘கியோகென் கோஜூபன்’: நோ நாடகங்களுக்கு நடுவில் அதே மேடையில் ஆடப்படும் ஐம்பது நகைச்சுவை நாடகங்கள். எஜமானுக்குத் தெரியாமல் மதுவைக் குடிக்கும் வேலைக்காரர்கள், ஏமாந்த பூசாரிகள், கணவனை விரட்டும் மனைவியர் ஆகியோரின் உலகம் அது. கியோகென் நடிகர்கள் பெரும்பாலும் முகமூடி அணிவதில்லை. முப்பது ஆண்டுகள் மரமுகங்களுக்குக் கீழே தாடையை மட்டும் வரைந்த கைக்கு, கடைசித் தொகுப்பில் வாய்விட்டுச் சிரிக்கும் முழு முகங்கள் வரைய வேண்டியிருந்தது.